நுவாஜ்: 1940 பதிவும் 1953 பதிவும்

மூன்றாம்தந்தி (கேள்வி):

வணக்கம். சில மாதங்களாகக் கிடார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் ஜிப்ஸி ஜாஸ் பதிவுகளையே கேட்டுவருகிறேன். என்னிடமுள்ள தொகுப்பு ஆண்டு வரிசையில் அமையாததால், ஒரு பாட்டில் வயலின், அடுத்ததில் கிளாரினெட், அதற்கடுத்ததில் பியானோவும் மின் கிடாரும் என்று மாறிமாறி ஒலிக்கின்றன. அவருடைய 'நுவாஜ்' என்ற மெட்டு அதில் இருமுறை இடம்பெற்றிருக்கிறது. 1940 பதிவையும் 1953 பதிவையும் அடுத்தடுத்துக் கேட்டபோது, இரண்டையும் வாசித்தவர் ஒருவர்தானா என்ற ஐயமே எழுந்தது. இவ்வேறுபாட்டுக்குக் காரணம் உடன் வாசித்தவர்களா, கருவியா? செல்மர் வகைக் கிடார் ஒன்று வாங்கும் எண்ணம் இருப்பதால் அதைப் பற்றியும் சொல்லுங்கள்.

பழையதட்டு:

ஆள் ஒருவரே; சுற்றியிருந்தவர்கள்தான் மாறினார்கள். 1934-இல் பாரிஸில் அமைந்த ஜாங்கோவின் ஹாட் கிளப் ஐவர் குழுவில் ஸ்டெஃபான் கிராப்பெல்லி வயலினும், லூயி வோலா பாஸும், ஜாங்கோவின் தம்பி ஜோசஃபும் ரோஜே ஷாப்புவும் தாளக் கிடாரும் வாசித்தார்கள். கிராப்பெல்லி தனியாக வாசிக்கும்போது அவருக்குத் துணையாக இரண்டு கிடார்கள் இருக்க, தன் முறை வரும்போது மட்டும் ஒன்றுதானே இருக்கிறது என்று ஜாங்கோ குறைப்பட்டதால்தான் மூன்றாவது கிடார் சேர்ந்தது என்பார்கள். டிரம்ஸே இல்லாத அக்குழுவில் தாளத்தைத் தாங்கியது, 'பொம்ப்' எனப்படும் அந்த வெட்டுமீட்டுதான்.

1939 செப்டம்பரில் போர் மூண்டபோது குழு லண்டனில் இருந்தது. ஜாங்கோ பாரிஸ் திரும்பினார். கிராப்பெல்லி லண்டனிலேயே தங்கிவிட்டார். வயலினின் இடத்துக்கு இளைஞர் ஊபேர் ரோஸ்தேனின் கிளாரினெட் வந்தது, டிரம்ஸும் சேர்ந்தது. 1940 டிசம்பரில் பதிவான 'நுவாஜ்' தட்டில் ரோஸ்தேனோடு அலிக்ஸ் கொம்பெலும் கிளாரினெட் வாசிப்பதால், மெட்டு புகைபோல மெல்லப் பரவுகிறது. 1946 தொடக்கத்தில் ஜாங்கோவும் கிராப்பெல்லியும் லண்டனில் மீண்டும் சேர்ந்து பதிவு செய்தார்கள். அந்த வயலின் 'நுவாஜை'யும் தேடிக் கேளுங்கள்; எனக்கு அதுவே நெருக்கமானது.

மரமும்கம்பியும்:

குழுவைப் பற்றி மேலே சொன்னது சரி. ஆனால் கருவியின் பங்கு அதற்குக் குறைந்ததன்று. செல்மர், சாக்சஃபோனுக்குப் பெயர்பெற்ற நிறுவனம். இத்தாலியரான மாரியோ மக்காஃபெர்ரியின் வடிவமைப்பில் 1932-இல்தான் கிடார் செய்யத் தொடங்கியது. தொடக்கக் கிடார்களின் ஒலித்துளை ஆங்கில 'டி' எழுத்தின் வடிவில் பெரிதாக இருந்தது. அவர் விலகிய பிறகு அது சிறிய முட்டை வடிவாகி, கழுத்தும் உடலும் சேருமிடம் 12-ஆம் ஃபிரெட்டிலிருந்து (கழுத்தில் பதித்த குறுக்குக் கம்பி) 14-ஆம் ஃபிரெட்டுக்கு நகர்ந்தது. தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ், மேற்பலகையில் ஒட்டப்படாமல் தந்தியின் அழுத்தத்தாலேயே நிற்கும். இந்த அமைப்பில் ஸ்வரம் வெடித்தெழுந்து விரைவில் அடங்கிவிடுவதால், ஒலிபெருக்கி இல்லாத அரங்கிலும் மற்ற கிடார்களுக்கு மேலாகக் கேட்கும். 1940-இல் செய்யப்பட்ட ஜாங்கோவின் 503-ஆம் எண் செல்மர் இன்று பாரிஸ் இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

1953 பதிவில் கேட்பது, தந்தியின் அதிர்வை மின்சைகையாக்கும் பிக்கப் வழியாக வரும் ஒலி. ஸ்வரம் நீண்டு நிற்பதால், முன்பு அடுக்கடுக்காக நிரப்பிய இடத்தை அவர் வெறுமையாக விட முடிந்தது. வாங்கும்போது தந்தியை மீட்டும் தடித்த வில்லையான பிளெக்ட்ரத்தையும் சேர்த்து வாங்குங்கள். மெல்லியதைக் கொண்டு மீட்டினால் அந்தக் கிடார் வாயே திறக்காது.

கூண்டுவண்டி:

ஒரு சிறு சேர்க்கை. பிரெஞ்சில் இவ்விசையை 'ஜாஸ் மனூஷ்' என்பார்கள். மனூஷ் என்பது ஜாங்கோ பிறந்த ரோமானிப் பிரிவின் பெயர். அவர்கள் மொழியில் அதற்கு மனிதன் என்று பொருள். நம் பேச்சிலுள்ள 'மனுஷன்' அதற்குத் தூரத்து உறவு.

1953-ஐ முதுமையின் தளர்ச்சி என்று சிலர் ஒதுக்குவதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. அந்த மார்ச் மாதத்தில் அவருக்கு வயது 43. மே 16-இல் இறந்துவிட்டார். உடன் வாசித்த மோரிஸ் வாந்தேர், பியேர் மிஷெலோ, ழான்-லூயி வியால் ஆகியோர் பீபாப் என்னும் புதுப்பாணி ஜாஸைக் கேட்டு வளர்ந்த இளைஞர்கள். அவர்களிடையே அவர் பழைய ஆளாகவே ஒலிக்கவில்லை. 1928-இல் குடியிருந்த வண்டி தீப்பற்றியதில் இடக்கையின் கடைசி இரண்டு விரல்கள் முடங்கிப்போனவர், தனிவாசிப்பைப் பெரும்பாலும் மற்ற இரண்டு விரல்களாலேயே நடத்தினார் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இரு பதிவுகளையும் மறுபடி கேளுங்கள். தந்திக்குக் குறுக்காகத் தாவுவதைவிட ஒரே தந்தியில் நெடுக ஓடும் அந்தப் பழக்கம் இரண்டிலும் பிடிபடும்.

மூன்றாம்தந்தி:

மூவருக்கும் நன்றி. இப்போதுதான் இரண்டையும் மறுபடி கேட்டேன். அந்த ஓட்டம் பிடிபட்டது. கிடார் வாங்குவதற்கு முன் 1946 பதிவைத் தேடப்போகிறேன்.