ஸ்பிளிட்போர்டுக்கு இலேசான பைண்டிங்: நம் மலைக்கு அது தேவையா?

மரிட்ஸ்பர்க் முருகு
அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது பழைய ஸ்பிளிட்போர்டு, அதாவது பிரிக்கக்கூடிய பனிச்சறுக்குப் பலகை. ஏறும்போது நீளவாக்கில் இரண்டாகப் பிரித்து, அடியில் பின்னோக்கி வழுக்காமல் தடுக்கும் ஸ்கின் என்ற பட்டையை ஒட்டிக்கொண்டு நடப்பேன். உச்சியில் மீண்டும் ஒன்றாகப் பூட்டிச் சறுக்கி இறங்குவேன். அதில் பூட்ஸைப் பலகையோடு பிணைக்கும் சாதாரண ஸ்னோபோர்டு பைண்டிங்கும், அதற்கு அடியில் ஓர் இணைப்புத் தகடும் இருக்கின்றன. நேற்று அம்மா பருப்பு நிறுக்கும் தராசில் வைத்துப் பார்த்தேன். ஜோடி 2 கிலோ 300 கிராம்! ஸ்பிளிட்போர்டுக்கென்றே செய்த, தகடு தேவைப்படாத இலேசான பைண்டிங்குகள் ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவு. ஆனால் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும், சுங்கவரி வேறு. நம் குளிர்காலமான ஜூலையில், லெசோத்தோ எல்லையிலுள்ள சானி கணவாய்ப் பக்கம் போவதற்குள் வாங்கிவிடலாமா?

சாட்ஸ்வொர்த் சேகர்
வாங்காதே தம்பி. இந்த எடைக் கணக்கெல்லாம் மாதக்கணக்கில் பனி கிடக்கும் நாட்டுக்காரர்களுக்கு. நம் தென்னாப்பிரிக்க டிராக்கன்ஸ்பர்க் மலையில் பனி விழுந்தால் சில நாள் கிடக்கும், பிறகு புல் தெரியும். அடிவாரத்திலிருந்து பனி தொடங்கும் இடம்வரை மூன்று நான்கு மணிநேரம் காய்ந்த பாதை. அவ்வளவு தூரமும் பலகை முதுகில்தானே கிடக்கிறது? காலில் மாட்டி நடப்பது கடைசி ஒரு மணிநேரம். அந்த ஒரு மணிநேரத்துக்காக ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுப்பாயா?

மிட்ராண்ட் மீனா
சேகர் அண்ணா, முதுகில் இருந்தால் எடை இல்லையா? 800 கிராம் என்றால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர். காய்ந்த பாதையில் அந்தத் தண்ணீருக்கு என்ன மதிப்பு என்று உங்களுக்கா சொல்ல வேண்டும்?

சாட்ஸ்வொர்த் சேகர்
தங்கையே, தைப்பூசத்துக்குப் பதினோரு வருடம் காவடி எடுத்தவன் நான். தோளில் ஏறும் சுமை பழகிவிடும். முருகு தன் வயிற்றில் ஒரு கிலோ குறைத்தால் காசும் மிச்சம், சுங்கவரியும் கிடையாது.

மிட்ராண்ட் மீனா
காவடியைத் தோளில்தானே எடுத்தீர்கள்? காலில் செங்கல் கட்டிக்கொண்டு எவராவது காவடி எடுத்திருக்கிறார்களா? தோள் சுமை வேறு, கால் சுமை வேறு என்பதைத்தான் நானும் சொல்கிறேன். காலில் இருப்பதை அடிக்கு அடி தூக்க வேண்டும்.

சாட்ஸ்வொர்த் சேகர்
இங்கேதான் தவறு. ஸ்கின் ஒட்டி நடப்பவன் காலைத் தூக்குவதில்லை, இழுத்துத் தள்ளுகிறான். காலில் மாட்டிய பாதிப் பலகை, அந்தக் கட்டை, பனிமீதுதான் இருக்கிறது. தூக்கினால் உனக்கு நடை தெரியவில்லை என்று பொருள்.

வெருலம் வாத்தியார்
இருவரும் பாதி சரி. கட்டை பனியிலேயே சறுக்குகிறது, உண்மை. ஆனால் மென்மையான பூட்ஸ் போடுகிறவனுக்குப் பைண்டிங் முழுவதும் பெருவிரல் பக்கத்து அச்சில் சுழல்கிறது. குதிகால் எழும்போதெல்லாம் அடித்தட்டின் பின்பாதி, முதுகுப்பட்டை, ஸ்ட்ராப் எல்லாம் சேர்ந்து எழுகின்றன. சேகர் கண்ணை மூடிக்கொண்டு பூஜ்யம் போட்ட இடம் அது.

ஆனாலும் முருகு, நான் மாற்றச் சொல்வது எடைக்காக இல்லை. 1990களில் அமெரிக்காவின் யூட்டாவில் இருக்கும் வொய்லே நிறுவனம், சொந்தப் பலகையை நாமே ரம்பத்தால் இரண்டாக அறுத்துப் பொருத்திக்கொள்ளும்படி ஒரு சாமான் தொகுப்பை விற்றது. பலகைமேல் திருகப்படும் வட்டமான பக்குகளும் அவற்றின்மீது சறுக்கி ஏறும் தகடும் அந்த வழிவந்தவை. தகட்டின்மேல் பைண்டிங், அதன்மேல் பூட்ஸ் என்று அடுக்கினால் பாதம் பலகையிலிருந்து உயர்ந்துவிடுகிறது. இறுகிய பனியில் விளிம்பைக் கடிக்கவிடும்போது ஓர் ஆட்டம் தெரியும் பார், அது அந்த அடுக்கின் ஆட்டம். புதியவற்றில் அடித்தட்டே நேராகப் பக்கின்மீது ஏறுவதால் அந்த ஆட்டம் குறைவு. நம் மலையில் காற்று பனியை வாரிக்கொண்டு போய்த் தெற்குப் பார்த்த பள்ளங்களில் அடைத்து இறுக்கிவிடுகிறது. எனக்கு அங்கே பிடிதான் முக்கியம்.

சாட்ஸ்வொர்த் சேகர்
வாத்தியார் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் உறுதி? நான் ஒரு சீசன் இரவல் வாங்கிய இலேசான ஜோடியில் ஓடினேன். பெயர் வேண்டாம். அதிகாலைக் குளிரில் கணுக்கால் ஸ்ட்ராப்பின் பல்பட்டை 'டக்' என்று ஒடிந்தது. கூடாரக் கயிற்றால் காலைக் கட்டிக்கொண்டு, ஆட்டுக்கிடாய் போல இறங்கி வந்தேன். என் பழைய இரும்புப்பயல் பன்னிரண்டு வருடமாக ஒரு திருகாணியைக்கூட உதிர்த்ததில்லை.

மிட்ராண்ட் மீனா
பல்பட்டை கனமான பைண்டிங்கிலும் பிளாஸ்டிக்தான் அண்ணா. ஒரு உபரி வைத்துக்கொண்டால் தீர்ந்தது. உங்கள் இரும்புப்பயலைப் பூட்டும் ஊசியை, அந்தப் 'பின்'னைப் பற்றிச் சொல்லவே இல்லையே? குல்மார்க்கில் என் தோழி கையுறையைக் கழற்றிவிட்டுத் தகட்டின் குறுக்குப்பின்னை உருவினாள். விரல் மரத்துப்போய் நழுவவிட்டாள். முழங்கால் ஆழப் பனியில் ஊசியைத் தேடுவது போல நான்கு பேர் தோண்டினோம். கிடைக்கவில்லை. புதிய வடிவங்கள் பலவற்றில் அந்தப் 'பின்'னே கிடையாது. முன்பக்கத்தை அழுத்தினால் பூட்டிக்கொள்கிறது.

வெருலம் வாத்தியார்
பூட்டும், பனிக்கட்டி இல்லாதவரை. பக்கைச் சுற்றி ஈரப்பனி உறைந்துவிட்டால் எந்த விலைக்கு வாங்கியதும் ஏறாது. வீட்டுச் சாவியால் சுரண்டியிருக்கிறேன். சாவி வளைந்து, இரவில் வாசலில் நின்றதும் நானே.

மரிட்ஸ்பர்க் முருகு
ஒன்று கேட்கலாமா? சானி உச்சி ஏறக்குறைய 2,870 மீட்டர். அதுவரை ஜீப்பில் போய்விட்டால் காய்ந்த பாதையே இல்லையே? சேகர் அண்ணாவின் கணக்கு அப்போது தலைகீழாகாதா?

சாட்ஸ்வொர்த் சேகர்
சறுக்குகிற அளவுக்குப் பனி விழுந்தால் கணவாயில் ஜீப் ஏறாது தம்பி. ஜீப் ஏறினால் சறுக்கப் பனி இராது. இருபது வருட அனுபவம் பேசுகிறது.

மிட்ராண்ட் மீனா
இடையில் ஒரு நாள் வரும், அதற்காகத்தான் லீவை மிச்சம் பிடிக்கிறோம்! முருகு, என் பழைய ஜோடி சும்மா கிடக்கிறது. 1 கிலோ 400. ஜூலைக்கு எடுத்துக்கொள், பிடித்தால் பிறகு பேசலாம். உன் பலகையில் பக்குகள் எந்தக் கோணத்தில் திருகியிருக்கின்றன?

மரிட்ஸ்பர்க் முருகு
நன்றி அக்கா! முன்கால் 18 பாகை, பின்கால் கழித்தல் 6. கணவாய்க்குப் போகும் வழியிலுள்ள அண்டர்பர்க் ஊரில் சந்தித்து வாங்கிக்கொள்கிறேன். அம்மாவின் தராசையும் எடுத்து வரவா?

சாட்ஸ்வொர்த் சேகர்
தராசு வேண்டாம், திருப்புளி கொண்டு வா. லெசோத்தோ எல்லையில் காட்டப் பாஸ்போர்ட்டும். போன முறை அதை மறந்தவன் யார் என்று வாத்தியாரிடம் கேள்.