தனுஷ்கோடிப் புயலை இல்லாமல் ஆக்கும் பேரம்: இந்தக் கதையை எப்படி முடிப்பது?

பாசிக்காரி மகள், தங்கச்சிமடம்:
ஒரு கதை எழுதுகிறேன். சவரிமுத்து தனுஷ்கோடியில் பிறந்தவன். 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் தாய், தகப்பன், தம்பிகள் எல்லோரையும் கடல் கொண்டுபோய்விட்டது. பாம்பனுக்கு வந்து சேர்ந்தவன், விரல்களில் துணி சுற்றிப் பாசி எடுக்கிற பிலோமினாவைக் கட்டினான். அருள்மேரி பிறந்தாள்.

1989. இடிந்த தேவாலயத்தருகே சங்கு விற்கும் கிழவி ஒருத்தி வலம்புரி ஒன்றை அவனிடம் நீட்டுகிறாள். "அந்த இரவு நடக்கவில்லை என்று ஆக்கித் தருகிறேன். அதற்குப் பிறகு உனக்குக் கிடைத்தது எதுவும் உன்னுடையது அல்ல. வேண்டாம் என்றால் சங்கைக் கடலில் போடு, பழையபடி ஆகிவிடும்." அவன் வாங்கிக்கொள்கிறான். கண் விழித்தால் ஊர் நிற்கிறது. ஸ்டேஷன், தபால் நிலையம், துறையில் தலைமன்னார்க் கப்பல், முற்றத்தில் கருவாடு காயவைக்கும் அம்மா. பாம்பனுக்கு ஓடுகிறான். பிலோமினா வேறொருவர் மனைவி. அருள்மேரி பிறக்கவே இல்லை.

சங்கை எறிந்துவிடட்டும் என்கிறாள் என் அக்கா. எறிந்தால் ஊரே மறுபடி சாகும். அவன் கையால் அதைச் செய்யவைக்க எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் என்றால் என்ன செய்வீர்கள்?

மண்டபம் வாசகன்:
கப்பலை எடுத்துவிடுங்கள் சகோதரி. புயலுக்குப் பிறகு ராமேஸ்வரத்திலிருந்து ஓடிய அந்தக் கப்பலை 1980களில் இலங்கைப் போர் நிறுத்திவிட்டது. புயலே வராவிட்டாலும் 1989இல் துறை வெறிச்சோடித்தான் கிடந்திருக்கும். மகளைக் கொடுத்து அவன் வாங்கிய ஊரிலும் பிழைப்புக் கெட்டு ஒவ்வொரு குடும்பமாக வெளியேறுகிறது என்று எழுதுங்கள். சொர்க்கம் கிடைத்தவன் வருந்துவதை நம்புவது கடினம், இதை நம்பலாம்.

ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், பரமக்குடி:
மகளே, ரயிலை விட்டுவிட்டாயே! பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் தனுஷ்கோடி ஸ்டேஷனை நெருங்கும்போது அலை அடித்துப் போயிற்று. நூறு பேருக்கு மேல், ஒருவரும் பிழைக்கவில்லை. உன் கதையில் அந்த ரயில் வந்து சேர்ந்திருக்கும், அவர்கள் மூட்டை முடிச்சோடு இறங்கியிருப்பார்கள். அதில் வந்த ஒருவருக்குப் பிறகு பிறந்த பெண்பிள்ளை, அருள்மேரி வயது, சவரிமுத்து வீட்டுக்குத் தண்ணீர் கேட்டு வரட்டும். அதற்கப்புறம் அவன் சங்கை எறிவானா என்று பார். நான் எறியமாட்டேன்.

தாய் ஒருத்தி, கீழக்கரை:
எறியவும் வேண்டாம், அவன் மனம் ஆறவும் வேண்டாம். ஊரைக் காப்பாற்றியவன் என்று அவனைப் பெரிய ஆள் ஆக்கிவிடாதே, மகளே. பிலோமினாவைக் கேட்காமல் அவள் பிள்ளையையும் சேர்த்தல்லவா பேரம் பேசினான்? அது எனக்கு ஆறவே இல்லை. அவளுக்கு ஒன்றும் தெரியாது, அவனுக்கு மட்டும் தெரியும். பெற்ற தாய் "ஏனப்பா சாப்பிடவில்லை" என்று கேட்டால் என்ன சொல்வான்? "உன்னை வாங்க என் மகளை விற்றேன்" என்று எந்தத் தாயிடம் சொல்ல முடியும்? அந்தச் சாப்பாட்டு வேளையை விரிவாக எழுது.

பாசிக்காரி மகள்:
ஐயா, அந்தப் பெண்பிள்ளையை எழுதிவிட்டேன். செம்பை அவள் கையில் கொடுப்பது சவரிமுத்துவின் அம்மா. அம்மா, நீங்கள் கேட்டதை அக்காவிடம் படித்துக்காட்டினேன். எறியட்டும் என்று அவள் இப்போது சொல்வதில்லை. சாப்பாட்டு வேளையை இன்று இரவு எழுத உட்காருகிறேன்.