‘பிராந்திய ஒருங்கிணைப்பு’க்கு வேறு சொல் உண்டா? சிறு தீவு நாடுகள் பாடத்துக்காக

முள்ளியவளையிலிருந்து:

எல்லோருக்கும் வணக்கம்.

உயர்தர வகுப்பில் அரசறிவியல் படிக்கும் பிள்ளைகளுக்காகச் சிறு தீவு நாடுகள் பற்றி ஒரு துணைநூல் எழுதுகிறோம். கரிபியன், பசிபிக், இந்து சமுத்திரம் என்று மூன்று இயல். எழுத்து வேலை ஓடுகிறது, ஒரு சொல்தான் பக்கத்துக்குப் பக்கம் இடறுகிறது. அயலில் உள்ள தீவுகள் சந்தை, நாணயம், நீதிமன்றம், பல்கலைக்கழகம் என்று ஒவ்வொன்றாகப் பொதுவாக்கிக்கொண்டு சேர்வதை ஆங்கிலத்தில் ‘ரீஜனல் இன்ரகிறேஷன்’ என்கிறார்கள். நம் பாடநூலில் அது ‘பிராந்திய ஒருங்கிணைப்பு’. வாசித்த பிள்ளை ஒன்று, “கச்சேரியில நடக்கிற ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டம் மாதிரியோ ரீச்சர்?” என்று கேட்டது. பிள்ளையில் பிழை இல்லை. இங்கே ஒருங்கிணைப்பு என்றால் மாவட்டச் செயலகமான கச்சேரியில் நடக்கும் அந்தக் கூட்டம்தான்.

நாங்கள் எழுதிப் பார்த்தவை: கூட்டிணைவு, இயைவு, பங்கிணைவு. மூன்றும் மனதுக்கு ஒட்டவில்லை. சேர்ந்த பிறகும் ஜமெய்க்கா ஜமெய்க்காவாகவும் பார்படோஸ் பார்படோஸாகவும்தான் இருக்கிறது, அது சொல்லில் தெரிய வேண்டும். யோசனை சொல்லுங்கள்.

வவுனியாவிலிருந்து:

ரீச்சர், மாற்ற வேண்டாம். 1985இல் சார்க் தொடங்கிய காலத்திலிருந்து ‘பிராந்தியம்’ பேப்பரில் வந்து பழகின சொல். பரீட்சை வினாத்தாளிலும் அதுதான் வரும். மொழிபெயர்ப்பு மேசையில் இருக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஒரு பொருளுக்கு மூன்று தமிழ் இருந்தால், ஒரே சுற்றறிக்கை மூன்று கந்தோரில் மூன்று விதமாக விளங்கும்.

கிளிநொச்சியிலிருந்து:

வவுனியா அண்ணையின் கவலை சுற்றறிக்கைக்குச் சரி. பாடத்தில் ‘கோஓடினேஷன்’ (பலரின் வேலையை ஒழுங்குபடுத்துவது), ‘இன்ரகிறேஷன்’ (சேர்வது) இரண்டும் ஒரே பந்தியில் வரும், இரண்டுக்கும் ஒருங்கிணைப்பு என்று எழுதினால் பந்தி தானே தன்னை மறுக்கும். ‘ஒருமைப்பாடு’ என்று எழுதலாமே என்று யாரும் வருமுன் சொல்லிவிடுகிறேன்: அந்தச் சொல்லை அமைச்சுகளின் பெயர்ப்பலகையில் நிறையப் பார்த்துவிட்டோம். அதில் ‘ஒருமை’ இருக்கிறது. ரீச்சர் கேட்பது பன்மை கெடாத சேர்க்கை.

சொல்லுக்கு முன் நடந்ததைப் பார்ப்போம். 1958இல் பிரித்தானியக் கரிபியனின் 10 ஆட்புலங்களைச் சேர்த்து மேற்கிந்தியச் சமஷ்டி அமைந்தது. 1961 செப்ரெம்பரில் ஜமெய்க்கா மக்கள் வாக்கெடுப்பில் வெளியேறத் தீர்மானித்தார்கள். பத்தில் ஒன்று போனால் மிச்சம் பூச்சியம் என்று டிரினிடாட்டின் எரிக் வில்லியம்ஸ் புதுக்கணக்குச் சொன்னார். 1962 மே மாதத்தோடு சமஷ்டி முடிந்தது. ஆனால் அதே தீவுகளின் கிரிக்கெட் அணி 1928இலிருந்து ஒரே அணியாக ரெஸ்ற் ஆடியது, சமஷ்டி போனபின்னும் ஆடியது. 1948இல் ஜமெய்க்காவின் மோனாவில் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரியும் பிரியவில்லை. சமஷ்டி கலைந்த அதே 1962இல் அது மேற்கிந்தியப் பல்கலைக்கழகமாகத் தனித்து எழுந்தது. அரசியலில் ஒன்றாக்கப் போனது முறிந்தது, விளையாட்டிலும் படிப்பிலும் சேர்ந்தது நின்றது. ஆகவே சமஷ்டிக்கும் இந்தச் சொல்லுக்கும் இடையில் கோடு தெளிவாக விழ வேண்டும். நம் நாட்டில் ‘சமஷ்டி’ என்ற சொல்லுக்கே எவ்வளவு சூடு என்பதை இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

பிறகு 1973 யூலை 4இல் சகுவராமஸ் உடன்படிக்கை. ஜமெய்க்கா, பார்படோஸ், கயானா, டிரினிடாட் டொபாகோ நான்கும் கையொப்பமிட்டு, கரிபியன் நாடுகளின் கூட்டு அமைப்பான கரிகொம் பிறந்தது. இன்று முழு உறுப்பினர் 15. அந்தப் பட்டியலைப் பிள்ளைகள் கவனமாகப் பார்க்க வேண்டும். கயானா, சுரினாம், பெலீஸ் மூன்றும் தீவே அல்ல. ஹெயிட்டி பேசுவது கிரியோலும் பிரெஞ்சும், சுரினாமின் அரச மொழி டச்சு. மொன்செராட் இன்னும் பிரித்தானிய ஆட்புலம், சுதந்திர நாடே அல்ல.

சேர்க்கையும் எல்லோருக்கும் ஒரே அளவில் இல்லை. கிழக்குக் கரிபியனின் சின்னத் தீவுகள் 1981இல் பசெற்ரே உடன்படிக்கையால் இன்னும் நெருங்கின. அவற்றின் டொலர் 1976 முதல் ஓர் அமெரிக்க டொலருக்கு 2.70 என்று அசையாமல் நிற்கிறது. (2022இல் நம் ரூபாய் போன போக்கைப் பார்த்தவர்கள் இந்த வரியை இரண்டு தரம் வாசிப்பார்கள்.) மறுபக்கம், 2005இல் திறந்த கரிபியன் நீதிமன்றம் இருப்பது டிரினிடாட்டின் தலைநகரில். அந்த டிரினிடாட்டே தன் இறுதி மேன்முறையீடுகளை இன்னும் இலண்டன் பிரிவி கவுன்சிலுக்கு அனுப்புகிறது. வீட்டு வாசலில் நீதிமன்றம், வழக்கு கடல்தாண்டி! முழுதாகச் சேராமல், எதில் விருப்பமோ அதில் மட்டும் சேர்வதும் இந்தச் சொல்லுக்குள் அடங்க வேண்டும்.

பசிபிக்கில் அடையாளம் இன்னும் கூர்மையானது. பசிபிக் தீவுகள் மன்றம் 1971இல் தொடங்கியது, இன்று 18 உறுப்பினர். மெலனீசியா, பொலினீசியா, மைக்ரோனீசியா என்ற பிரிவு பிரெஞ்சு மாலுமி ஒருவர் 19ஆம் நூற்றாண்டில் வரைந்த கோடு. ஆனால் இன்று தீவு மக்களே அதைத் தம்முடையதாக எடுத்துக்கொண்டார்கள். செயலாளர் நாயகம் பதவி முறைப்படி தங்கள் பக்கத்துக்கு வரவில்லை என்று 2021 பெப்ரவரியில் மைக்ரோனீசியாவின் ஐந்து நாடுகளும் வெளியேறுகிறோம் என்று அறிவித்தன. 2022 சுவா உடன்பாட்டில் அந்தச் சுழற்சிமுறை எழுத்தில் வந்தது. அப்படியிருந்தும் கிரிபாட்டி போய்விட்டு 2023இல்தான் திரும்பியது. அடையாளம் சேர்க்கைக்குத் தடை என்று இதை வாசிக்கக் கூடாது. முறை வைத்துத் தந்தால் சேர்ந்திருப்போம், தராவிட்டால் எழும்புவோம் என்றார்கள். அடையாளம்தான் சேர்க்கையின் விதியை எழுதிக் கொடுத்தது.

அதே மைக்ரோனீசியரும் பப்புவா நியூகினி, சொலமன் தீவுகள், துவாலுவும் ரூனா மீனில் எப்படிச் சேர்ந்தார்கள் என்பதையும் போடுங்கள். 1982இல் நவுரு உடன்படிக்கை, மொத்தம் எட்டு நாடு. வெளிநாட்டுக் கப்பல் பிடிக்கும் மீனுக்கு இத்தனை தொன் என்று எண்ணாமல், எங்கள் கடலில் நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் காசு என்று கப்பல்நாளை விற்கிறார்கள். ஒருவரும் குறைந்த விலைக்கு விற்று மற்றவரைக் கெடுக்காதபடி நாளொன்றுக்கு 8,000 அமெரிக்க டொலர் என்று அடிவிலை வைத்தார்கள். கிரிபாட்டியின் நிலம் 811 சதுர கிலோமீற்றர், அதன் பொருளாதாரக் கடல்வலயம் ஏறத்தாழ 35 இலட்சம் சதுர கிலோமீற்றர். பசிபிக் தலைவர்கள் தங்களைச் சிறு தீவு நாடு என்று சொல்ல விரும்பாமல் பெருங்கடல் நாடு என்று சொல்வது வெறும் வீம்பில்லை.

இன்னொன்று. மெலனீசிய ஈட்டிமுனைக் குழுவில் பிஜி, வனுவாட்டு, சொலமன் தீவுகள், பப்புவா நியூகினி ஆகிய நான்கு நாடுகளோடு, பிரான்சின் கீழுள்ள நியூ கலிடோனியாவின் பூர்வகுடிகளான கனாக் மக்களின் விடுதலை முன்னணியும் முழு உறுப்பினர். ஒரு நாடல்ல, ஒரு முன்னணி. இதை நான் இங்கே விரிக்கவில்லை. பிள்ளைகள் கேட்பார்கள், ரீச்சர் ஆயத்தமாக இருங்கள்.

இப்போது சொல். ‘நாடு’, ‘தேசம்’, ‘அரசு’ எதுவும் உள்ளே வரக்கூடாது, மேலே சொன்ன மொன்செராட்டும் கனாக்கும் வெளியே விழுந்துவிடும். கூட்டிணைவு வேண்டாம், நம் சட்டத்தில் ‘கூட்டிணைக்கப்பட்ட கம்பனி’ இருக்கிறது. இயைவும் வேண்டாம். விஞ்ஞானப் பாடத்தில் ‘இயைபாக்கம்’ என்று நரம்புத்தொகுதி பற்றிப் படித்த பிள்ளை மறுபடியும் ‘கோஓடினேஷன்’ பக்கம்தான் போகும். இலக்கணக்காரர் ‘புணர்ச்சி’ என்பார்கள், சொல்லோடு சொல் சேர்ந்தும் தன் உருவம் கெடாத இயல்பு புணர்ச்சி இதற்குப் பொருந்தும் என்பார்கள். பொருந்தும்தான். அதைப் பன்னிரண்டாம் வகுப்பில் கரும்பலகையில் எழுதிவிட்டு ரீச்சர் எப்படி வகுப்பை அடக்குவார்?

ரீச்சரின் மடலிலேயே சொல் கிடக்கிறது. “அயலில் உள்ள தீவுகள்” என்று எழுதியிருக்கிறீர்கள். அயல் என்றால் எங்களுக்குப் பக்கத்து வளவு. அயலவர் நம்மோடு சேர்வார், நாமாகிவிட மாட்டார். ‘பிராந்தியம்’ வரைபடத்தில் மேலிருந்து கீழே பார்க்கிற சொல், அயல் என்பது நின்ற இடத்திலிருந்து பார்க்கிற சொல். என் முன்மொழிவு: அயலிணைவு.

மன்னாரிலிருந்து:

பங்கிணைவை ஒருவரும் தொடவில்லை, நான் தொடுகிறேன். எங்கள் பக்கம் பங்கு என்றால் கத்தோலிக்கக் கோயில் பங்கு, ஒரு சுவாமியாரின் பொறுப்பில் உள்ள பகுதி. ‘கரிபியன் பங்கிணைவு’ என்றால் இரண்டு பங்கைச் சேர்த்து ஒரு சுவாமியாரிடம் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் விளங்கும். அப்படிச் சேர்த்தால் என்ன சண்டை வரும் என்று எனக்குத் தெரியும். அயலிணைவுக்கு என் கை.

முழங்காவிலிலிருந்து:

நான் கலைச்சொல் ஆள் இல்லை, கடற்றொழிலாளர் சங்கத்தில கணக்குப் பாக்கிறனான். நீங்கள் எல்லாரும் சேருறதுக்குத்தான் சொல் தேடுறியள். சேர்ந்து வாற அமைப்புக்கு என்ன சொல்? ரீச்சர் கரிகொமைக் ‘கரிபியன் சமூகம்’ எண்டுதான் எழுதியிருப்பா. சமூகம் எண்டால் ஆக்கள். எங்களிட்டைச் சொல் இருக்கு: சமாசம். ஊருக்கு ஊர் சங்கம். அதுக்குத் தனித் தலைவர், தனிக் கணக்கு, தன்ர இறங்குதுறை. இழுவைப்படகுப் பிரச்சினை, எரிபொருள் பிரச்சினை எண்டு வந்தால் சங்கங்கள் கூடின சமாசம் கதைக்கும். சமாசம் ஒரு சங்கத்தின்ர கணக்குப் புத்தகத்தில கை வைக்கேலாது. கரிகொமும் அப்பிடித்தானே?

கப்பல்நாள் கதை நல்லாயிருக்கு. எட்டு நாடு சேர்ந்து அடிவிலை வைக்குது. இஞ்ச எங்கட வலையை அறுத்துப்போட்டுப் போற றோலருக்கு ஒரு நாள் கணக்கும் இல்லை.

அயல் எண்ட சொல் சரி. 1992இல இடம்பெயர்ந்து 2018இல தங்கட வள்ளத்திலயே திரும்பிப்போன இரணைதீவு ஆக்கள் முழங்காவில் பக்கத்தையும் அயல் எண்டுதான் சொல்லுவினம். நடுவில கடல் கிடக்கிறது அவைக்குக் கணக்கில்லை.

வவுனியாவிலிருந்து:

சமாசம் நன்று, வடசொல் என்று யாரும் எழும்பாதிருந்தால். அயலிணைவில்தான் சிக்கல். தமிழ்நாட்டில் ‘அயல்நாடு’ என்றால் வெளிநாடு. உங்கள் புத்தகம் இணையத்தில் போனால், அங்கே வாசிக்கிறவர் வெளிநாட்டோடு இணைவது என்று எடுப்பார். நமக்குப் பக்கத்து வீடு, அவருக்கு அந்நியன். நேரெதிர்! இன்னொரு கேள்வி: இந்து சமுத்திர ஆணைக்குழுவில் பிரான்ஸ் உறுப்பினர். பாரிஸ் யாருக்கு அயல்?

கிளிநொச்சியிலிருந்து:

முதல் கேள்வி கனமானது, மறுக்க மாட்டேன். ஆனால் தொடருக்குள் வைத்துப் பாருங்கள்: ‘கரிபியத் தீவுகளின் அயலிணைவு’. யாரோடு யார் என்று தொடரே சொல்லிவிடுகிறது. தலைப்பில் தனியாக நின்றால்தான் தடுமாற்றம்.

இரண்டாவது கேள்வி என் பக்கத்துக்கே உதவுகிறது. 1982இல் போர்ட் லூயியில் தொடங்கி 1984இல் விக்டோரியா உடன்படிக்கையால் உறுதியான அந்த ஆணைக்குழுவில் மொரிஷியஸ், மடகஸ்கார், சீஷெல்ஸ், கொமொரோஸ், பிரான்ஸ் என்று ஐந்து. பிரான்ஸ் உள்ளே வந்தது ரியூனியன் தீவுக்காக. அயல் ரியூனியன், கையொப்பம் பாரிஸ். பிரான்ஸ் வைத்திருக்கும் மயோட் தீவு தன்னுடையது என்று கொமொரோஸ் கோருவதால் மயோட் அந்த மேசையில் இல்லை. அயலுக்குள்ளேயே வேலித் தகராறு. ‘பிராந்தியம்’ என்று எழுதினால் இந்த நெளிவு ஒன்றும் தெரியாது.

மூன்றாம் இயலில் மொரிஷியஸ் ரூபாய்த் தாளையும் சேருங்கள். அதில் ஆங்கிலத்துக்கு அடுத்ததாகத் தமிழ், பிறகு இந்தி. 1998இல் புதிய தாளில் தமிழும் இந்தியும் இடம் மாறி வந்தன. தமிழர் எதிர்ப்பில் அந்தத் தாள்கள் மீளப் பெறப்பட்டன. தைப்பூசக் காவடிக்கு அரச விடுமுறை தரும் நாடு அது. அங்குள்ள தமிழரில் பெரும்பாலோர் வீட்டில் பேசுவது கிரியோல்தான், ஆனால் எழுத்தின் இடத்தை விட்டுத்தரவில்லை. ஆணைக்குழு இந்தத் தீவுகளுக்கெல்லாம் பொதுவாக ‘இந்தியோசியனி’ என்று ஓர் அடையாளத்தை முன்வைக்கிறது. ஒரு தாளில் வரி மாறினதற்கே தெருவுக்கு வந்தவர்கள், அந்தப் பொது அடையாளத்துக்குள் தங்கள் வரி எங்கே என்று கேட்காமல் விடுவார்களா?

முள்ளியவளையிலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. இப்படிச் செய்கிறோம். இயல்களுக்குள் அயலிணைவு. முதன்முதல் வரும் இடத்தில் ‘பாடநூலில் பிராந்திய ஒருங்கிணைப்பு’ என்று அடிக்குறிப்பு. விடைத்தாளில் பிள்ளைகள் பாடநூல் சொல்லையே எழுத வேண்டும் என்றும் அதில் போடுவோம், புள்ளியோடு விளையாட முடியாது. தலைப்பில் வவுனியா அண்ணை சொன்ன தடுமாற்றம் வராமல் ‘தீவுகளின் அயலிணைவு’. ‘கோஓடினேஷன்’ வரும் இடமெல்லாம் ஒருங்கிணைப்பு அப்படியே இருக்கும். கரிகொம் ‘கரிபியன் சமாசம்’ ஆகிறது. பசிபிக் தீவுகள் மன்றத்தை மன்றமாகவே விடுகிறோம். முழங்காவில் அண்ணை, கப்பல்நாள் பகுதியை எழுதி அனுப்புகிறேன், ஒருக்காப் பார்த்துத் திருத்தித் தாங்கோ.

மிஞ்சியது ‘இந்தியோசியனி’. அச்சுக்குப் போகுமுன் அதற்கும் ஒரு தமிழ் கிடைக்குமா?

வவுனியாவிலிருந்து:

அதை எண்டாலும் அப்படியே விடுங்கோ ரீச்சர்.