புதுப்பிப்பு: கிராம்புத் தைலம் தடவி அம்மாவின் முழங்கால் எரிந்த விஷயம்

கிராம்புத் தைலத்தை அப்படியே தடவியதில் அம்மாவின் முழங்கால் சிவந்து எரிகிறது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது, நல்லெண்ணெயில் கலக்கச் சொன்ன யோசனைதான். எரிச்சல் அடங்க ஒரு வாரம் விட்டோம். அப்புறம் 10 மி.லி. நல்லெண்ணெய்க்கு ஒரே ஒரு சொட்டு. முன்கையில் ஒரு நாள் தடவிப் பார்த்துவிட்டுத்தான் முழங்காலுக்குப் போனோம். இதமாகச் சூடு பரவுகிறது, அம்மா நன்றாகத் தூங்குகிறார். மாடிப்படி இறங்கும்போது வலி இன்னும் இருக்கிறது. கிராம்புத் தைலத்தில் பெரும்பகுதி யூஜினால் என்ற வேதிப்பொருள். மரத்துப்போக வைப்பதும் அதுதான், தோலைச் சுடுவதும் அதுதான்.

எதிர்பாராதது ஒன்று: வாசனைக்காக டிஃப்யூசர் (தைல மணத்தை அறையில் பரப்பும் கருவி) தண்ணீரில் விட்ட சொட்டு மிதக்கவில்லை, பாசிமணி போல அடியில் போய் உட்கார்ந்தது. இந்தத் தைலம் தண்ணீரைவிடக் கனம். வீட்டில் பூனை இருந்தால் தயவுசெய்து டிஃப்யூசரில் விடாதீர்கள், அதற்கு ஆகாது.