பின்கட்டில் அக்வாபோனிக்ஸ்: 200 லிட்டர் டிரம்மை வைத்துத் தொடங்கலாமா?

நீலடிரம்:
வணக்கம் நண்பர்களே. வீட்டுக்குப் பின்னால் பாதி நாள் வெயில் படுகிற இடம் சும்மா கிடக்கிறது. அதில் மீனும் கீரையும் ஒரே தண்ணீரில் வளர்க்க ஆசை. கையில் 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் இரண்டு இருக்கிறது. ஒன்றில் மீன் விட்டு, இன்னொன்றை நெடுக்காக இரண்டாக அறுத்து ஜல்லி நிரப்பிச் செடி வைத்து, ஒரு சின்ன பம்ப் போட்டுத் தண்ணீரைச் சுற்றவிடுவது திட்டம். வீடியோக்களில் எல்லாம் பத்து நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள், ஆனால் ஒருவர் பெல் சைபன் (செடிப் படுகை நிரம்பியதும் தண்ணீரைத் தானாக இறக்கிவிடும் குழாய் அமைப்பு) இல்லாமல் ஆகவே ஆகாது என்கிறார், இன்னொருவர் அது தலைவலி, டைமர் போதும் என்கிறார், மூன்றாமவர் முதலில் மீனே வேண்டாம், மண்ணில்லாமல் சத்துக் கரைசலில் மட்டும் செடி வளர்க்கும் வெறும் ஹைட்ரோபோனிக்ஸ் பழகிவிட்டு வா என்கிறார். பிளம்பிங் வேலை கொஞ்சம் வரும். செடி அனுபவம் தொட்டிச் செடியோடு சரி. எங்கிருந்து ஆரம்பிப்பது? எத்தனை மீன் விடலாம்? தண்ணீரை இரண்டு நாள் திறந்து வைத்துவிட்டு மீனை விட்டால் போதுமா?

வெள்ளைவேர்:
நான் அந்த மூன்றாமவர் கட்சி. மீன், பாக்டீரியா, செடி மூன்றுக்கும் ஒரே தண்ணீர் ஒத்துப்போக வேண்டும். அதில் எது முரண்டு பிடிக்கிறது என்று புதிதாக வருகிறவருக்குக் கண்டுபிடிக்கவே முடியாது. முதலில் பம்ப், கரண்ட் எதுவும் இல்லாமல் கிராட்கி முறையில் நாலைந்து லெட்யூஸ் வளர்த்துப் பாருங்கள். ஹவாய் பல்கலைக்கழகத்தின் கிராட்கி என்பவர் பெயரில் வழங்கும் முறை. மூடி போட்ட வாளி, மூடியில் ஓட்டை, அதில் நெட் பாட் (வலை மாதிரி ஓட்டை போட்ட சின்னத் தொட்டி), நாற்றின் அடி மட்டும் சத்துக் கரைசலில் படும்படி நிரப்பினால் வேலை முடிந்தது. செடி குடிக்கக் குடிக்க மட்டம் இறங்கும், மேலே காற்றில் தொங்கும் வேர் பஞ்சு மாதிரி கிளைத்து ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். மட்டம் இறங்கிவிட்டதே என்று பதறி மறுபடியும் விளிம்பு வரை ஊற்றினால் அந்த வேர் மூச்சு முட்டிச் செத்துவிடும். ஒரு லெட்யூஸுக்கு நாற்றிலிருந்து அறுவடை வரை 4 லிட்டர் அளவு போதும்.

பிஎச், அதாவது அமில-கார அளவு, 5.5 முதல் 6.5 வரை. ஈசி, அதாவது கரைந்திருக்கும் சத்து உப்பின் அளவு, மீட்டரில் (mS/cm) 0.8 முதல் 1.2 வரை. தக்காளி என்றால் 2-க்கு மேல் கேட்கும், அதை இப்போதைக்குத் தொட வேண்டாம். வாளிக்குள் வெளிச்சம் புகுந்தால் பாசிதான் வளரும். கருப்பு பெயின்ட் அடித்து அதன்மேல் வெள்ளை அடியுங்கள். வெறும் கருப்போடு விட்டால் வெயிலில் தண்ணீர் சூடேறி, 25 டிகிரியைத் தாண்டத் தாண்ட வேர் அழுகல் தேடி வரும். அப்புறம், ஏ, பி என்று இரண்டு புட்டியாக வரும் உரத்தை நேராக ஒன்றோடொன்று கலக்காதீர்கள். ஒன்றில் கால்சியம், மற்றதில் சல்பேட்டும் பாஸ்பேட்டும். அடர்த்தியாகச் சேர்ந்தால் வெள்ளையாகத் திரிந்து அடியில் தங்கிவிடும். ஒன்றை வாளித் தண்ணீரில் முழுக்கக் கரைத்த பிறகே அடுத்தது.

துடுப்புமீன்:
வெள்ளைவேர் சொல்வது தப்பில்லை, ஆனால் கிராட்கி பழகினால் கிராட்கிதான் வரும். மீன் தண்ணீர் வேறு பாடம். நேராக அக்வாபோனிக்ஸ் போடுங்கள், ஆனால் முதல் ஒரு மாதத்துக்கு மீன் கிடையாது.

இரண்டு நாள் திறந்து வைத்தால் குளோரின் போகும், அவ்வளவுதான். குழாய்த் தண்ணீரில் குளோரமைன் கலந்திருந்தால் அதுவும் போகாது, சோடியம் தயோசல்பேட் போட்டு முறிக்க வேண்டும். உண்மையான ஆபத்து மீனிடமிருந்தே வருகிறது. அது செவுள் வழியாக விடும் அம்மோனியா அதற்கே விஷம், பிஎச்சும் வெப்பமும் கூடக் கூட விஷமும் கூடும். ஜல்லியில் குடியேறும் ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றினால்தான் செடிக்கு உணவு, மீனுக்கும் பெரிய தொல்லை இல்லை. இந்தக் கூட்டம் பெருக நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும், குளிர்ந்த தண்ணீரில் இன்னும் இழுக்கும்.

அதுவரை மீனுக்குப் பதிலாக அம்மோனியாவை நீங்களே ஊற்ற வேண்டும். வாசனை, சோப்பு எதுவும் சேராததாக இருக்க வேண்டும், புட்டியைக் குலுக்கினால் நுரை அடங்காமல் நின்றால் வேண்டாம். லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவுக்குக் கொண்டுவந்து டெஸ்ட் கிட்டில் தினமும் பாருங்கள். முதலில் அம்மோனியா இறங்கும், நைட்ரைட் ஏறும், பிறகு அதுவும் இறங்கி நைட்ரேட் தெரியும். இன்று ஊற்றிய 2 மில்லிகிராம் நாளைக்குள் அம்மோனியாவாகவும் இல்லை, நைட்ரைட்டாகவும் இல்லை என்றால் மீன் விடலாம்.

எத்தனை மீன் என்று கேட்டால் தலைக்கணக்கு உதவாது, எடைக்கணக்கு பாருங்கள். 1000 லிட்டருக்கு 10 முதல் 20 கிலோ என்பது பொதுவாகச் சொல்லும் வரம்பு, உங்கள் டிரம்முக்கு 2 முதல் 4 கிலோ. குஞ்சு விடும்போதே அது வளர்ந்த பிறகு வரும் எடையை மனதில் வையுங்கள். தீனியும் இதோடு பொருந்தும். கீரைக்கு ஒரு சதுர மீட்டருக்கு தினம் 40 முதல் 50 கிராம் தீனி போகலாம், டிரம்மை அறுத்த இரண்டு பாதியும் சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர்தான் வரும். ஆரம்பத்தில் அதில் பாதிகூட வேண்டாம். மீன் தின்னாமல் மிதப்பதை உடனே அள்ளிவிடுங்கள்.

கசிவுவால்வு:
கணக்கு சரி, ஆனால் ஒன்றை விட்டுவிட்டீர்கள். ஜல்லியில் 40 சதவீதம் போல இடைவெளி. இரண்டு படுகையும் ஒரே நேரத்தில் நிரம்பினால் 60, 70 லிட்டர் மேலே போய்விடும், கீழே மீன் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீரில் திண்டாடும். இரண்டையும் மாற்றி மாற்றி நிரப்புங்கள், இல்லை ஒரு சம்ப் தொட்டி (கூடுதல் தண்ணீரைத் தாங்கும் தனித் தொட்டி) சேருங்கள்.

பெல் சைபன் நன்றாக ஓடினால் அழகு. ஆனால் வரத்து குறைந்தால் சைபன் பிடிக்காமல் சொட்டிக்கொண்டே நிற்கும், கூடினால் காற்று உள்ளே புகாமல் சைபன் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். பம்பிலிருந்து வரும் குழாயில் ஒரு டி (T வடிவ இணைப்பு) வைத்து, மிச்சத் தண்ணீர் வால்வு வழியாக மீன் தொட்டிக்கே விழும்படி செய்தால் வரத்தையும் திருகிச் சரிபண்ணலாம், விழுகிற தண்ணீரில் காற்றும் கலக்கும். இந்த மல்லுக்கட்டு வேண்டாம் என்றால் டைமர்: 15 நிமிடம் ஓட்டம், 45 நிமிடம் ஓய்வு. புதியவருக்கு நான் இதைத்தான் சொல்வேன். ஓய்வு நேரத்துக்கு ஏர் பம்ப் தனியாக ஓடட்டும்.

ஸ்டாண்டு பலமாக இருக்க வேண்டும். ஒரு பாதி டிரம் ஜல்லியும் தண்ணீருமாக 200 கிலோ வரும். அறுத்த டிரம்மின் வயிறு வேறு பிதுங்கும், சுற்றிலும் மரச்சட்டம் கட்டாமல் நிரப்பாதீர்கள்.

நீலடிரம்:
மிக்க நன்றி, மூன்று பேருக்கும். அம்மோனியா வழியில் போகிறேன். ஜல்லியில் வினிகர் விட்டுப் பார்க்கச் சொல்லி எங்கோ படித்ததால் ஒரு கைப்பிடியைக் கழுவிக் காயவைத்து விட்டுப் பார்த்தேன். சில கற்களில் நுரை பொங்குகிறது, சிலதில் ஒன்றுமே இல்லை. கலப்பாக இருந்தால் பரவாயில்லையா?

துடுப்புமீன்:
பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். பொங்குவது சுண்ணாம்புக் கல். அது கரைந்துகொண்டே இருக்கும்வரை பிஎச் 7-க்கு மேலேயே நிற்கும், நமக்கு வேண்டியது 6.8 முதல் 7. நீங்கள் அமிலம் ஊற்றி இறக்கினாலும் அடுத்த நாளே ஏறிவிடும். கருங்கல் ஜல்லியோ களிமண் உருண்டையோ போடுங்கள். சுண்ணாம்பு இல்லாத படுகையில் எதிர்ப்பக்கம் நடக்கும். பாக்டீரியா வேலை செய்யச் செய்ய பிஎச் மெல்ல இறங்கும். 6.5-ஐத் தொட்டால் பொட்டாசியம் பைகார்பனேட் ஒரு தடவை, சுண்ணாம்பு நீர் ஒரு தடவை என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். மீன் தீனியில் பொட்டாசியமும் கால்சியமும் செடிக்குப் போதாது, அதுவும் ஈடாகிவிடும்.

வெள்ளைவேர்:
இரும்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்து இல்லை என்று அர்த்தம், டிடிபிஏ வகை செலேட் (இரும்பு தண்ணீரில் கரைந்தே இருக்கும்படி பிடித்து வைக்கும் சேர்மம்) வாங்குங்கள், ஈடிடிஏ இந்த பிஎச்சில் தாங்காது. பூச்சி வந்தால் மருந்தடிக்கும் பழக்கத்தையும் மறந்துவிடுங்கள், அது நேராக மீனுக்குத்தான் போகும். ஏர் பம்ப்புக்கு பேட்டரி இணைப்பு கட்டாயம், இரவில் கரண்ட் போனால் விடிவதற்குள் மீன் மேலே மிதக்கும்.

கசிவுவால்வு:
ஆமாம், யாரும் கேட்கவில்லையே. டிரம்மில் முன்னால் என்ன இருந்தது?

நீலடிரம்:
பழையதுதான். லேபிள் கிழிந்துவிட்டது. சோப்புத் தண்ணீரில் கழுவினேன், மூடியைத் திறந்தால் இன்னும் லேசாக ஏதோ வாடை வருகிறது.

கசிவுவால்வு:
அப்படியென்றால் அதில் மீனும் வேண்டாம், கீரையும் வேண்டாம். பிளாஸ்டிக் உறிஞ்சியது கழுவினால் போகாது. உணவுப் பொருள் வந்த டிரம், என்ன வந்தது என்று விற்பவரால் சொல்ல முடிகிறதாகப் பார்த்து வாங்குங்கள். அளவு அதே 200 லிட்டர் என்றால் மேலே போட்ட கணக்கு எதையும் மாற்ற வேண்டியதில்லை.