புதுப்பிப்பு: ஆர்கெஸ்ட்ரா இசைத்தாளில் வரும் ஜெர்மன் டிரம் சொற்கள்

ஆர்கெஸ்ட்ரா இசைத்தாளில் வரும் ஜெர்மன் டிரம் சொற்களுக்கு விளக்கம் கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி. அடிப்படை இப்போது தெளிவு: 'கிளைன ட்ரோமெல்' ஸ்நேர் (அடித்தோலில் கம்பிகள் அதிரும் சிறிய டிரம்), 'க்ரோஸ ட்ரோமெல்' பேஸ் டிரம், 'பெக்கென்' சிம்பல், 'பௌகென்' டிம்பனி (பெடலால் சுருதி மாற்றும் அண்டா வடிவ டிரம்), 'விர்பெல்' ரோல் (இடைவிடாமல் வேகமாக உருட்டி அடிப்பது).

அப்புறம் டிம்பனி பக்கம் போனால், சொல்லைவிட ஸ்வரத்தைக் குறிக்கும் எழுத்துதான் வில்லங்கம். ஜெர்மன் முறையில் 'பி' என்று மட்டும் இருந்தால் அது பி ஃபிளாட், அதாவது நம்முடைய பி-யைவிட அரை ஸ்வரம் கீழே. நாம் பி என்று சொல்வதை அவர்கள் 'ஹெச்' என்று எழுதுகிறார்கள். 'பி'யைப் பார்த்த கையோடு பெடலை மிதித்துச் சுருதி வைத்தால் அரை ஸ்வரம் ஏறிவிடும். பக்கத்தில் இருக்கும் டபுள் பேஸ்காரர் முறைப்பார்!

இன்னொரு பொறி, ஜெர்மன் இசைத்தாள்களிலும் தலைகாட்டும் இத்தாலியச் சொல்லான 'மூட்டா'. ஆங்கில 'மியூட்' போலத் தெரிந்தாலும், 'மூட்டா ஜி இன் ஏ' என்றால் டிரம்மின் மேல் துணி போட்டு ஒலியை அடக்கச் சொல்லவில்லை. ஜி சுருதியில் இருப்பதை ஏ-க்கு மாற்று, அவ்வளவுதான். இதையே ஜெர்மனில் 'உம்ஷ்டிமென்' என்பார்கள்.

பிரெஞ்சுப் பிரதியில் 'தேம்பால்' என்று இருந்தாலும் டிம்பனிதான். லத்தீன் இசையின் டிம்பாலேஸ் என்ற சிறிய உலோக டிரம்களைத் தூக்கிக்கொண்டு போய்விடாதீர்கள்.

குச்சிகளில் 'ஹோல்ட்ஸ்ஷ்லேகெல்' மரத்தலை, 'ஷ்வாம்ஷ்லேகெல்' ஸ்பாஞ்சுத்தலை.