புற்றுநோய்க்கு நுண்துளை அறுவைச் சிகிச்சை: அம்மாவுக்குச் சரி, சித்திக்கு வேண்டாமா?

கேள்வி:
என் தாயாருக்குக் கருப்பையின் உட்சுவரில் தொடக்க நிலைப் புற்றுநோய் இருப்பது உறுதியாகியுள்ளது. லேப்ராஸ்கோப்பி எனும் நுண்துளை முறையில் கருப்பையை அகற்றலாம் என்கிறார் மருத்துவர். ஆனால் கருப்பை வாய்ப் புற்றுநோய் வந்த என் சித்திக்கு, வயிற்றைத் திறந்துதான் செய்ய வேண்டும் என்று அவரே சொல்லியிருந்தார். இந்த முரண்பாடு எங்களை அச்சுறுத்துகிறது.

பதில் 1:
முரண்பாடு இல்லை, நோய் தொடங்கிய இடம் வேறு. உட்சுவர்ப் புற்றுநோயில் 2,600-க்கும் மேற்பட்ட பெண்களிடம் இரு முறைகளையும் ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வில், ஐந்து ஆண்டுகளுக்குப் பின் உயிருடன் இருந்தோர் இரு பிரிவிலும் ஏறத்தாழ 90 விழுக்காடு. சிகிச்சைக்குப் பிந்தைய கடுமையான சிக்கல்களோ நுண்துளைப் பிரிவில் குறைவு. கருப்பை வாய் விஷயத்தில் 2018-இல் வெளியான பன்னாட்டு ஆய்வு, தொடக்க நிலையில் இருந்த 631 பெண்களைப் பின்தொடர்ந்து, மருத்துவர்களே எதிர்பாராத முடிவைத் தந்தது: நான்கரை ஆண்டுகளில் நோய் திரும்பாமல் இருந்தோர் திறந்த முறையில் 96.5 விழுக்காடு, நுண்துளை முறையில் 86 விழுக்காடு. கருப்பையை அசைப்பதற்காக உள்ளே செலுத்தும் கருவியும், வயிற்றை உப்பவைக்கும் கரியமில வாயுவும் புற்றணுக்களைப் பரப்பியிருக்கலாம் என்ற ஐயம் உண்டு. உங்கள் மருத்துவர் இருவருக்கும் பொறுப்போடுதான் சொல்லியிருக்கிறார்.

பதில் 2:
இதே சிகிச்சையை நான் செய்துகொண்டேன். மூன்றாம் நாள் வீடு திரும்பினேன். தையல் வலியைவிட, உள்ளே தங்கிய வாயுவால் வந்த தோள்பட்டை வலியே இரண்டு நாள் வாட்டியது. யாரும் முன்கூட்டிச் சொல்லாததால் இதயக் கோளாறோ என்று பயந்துவிட்டேன். உங்கள் தாயாரிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.

பதில் 3:
நுண்துளை அறுவையின்போது தலைப்பக்கம் தாழ்த்திப் படுக்கவைப்பதால் மூச்சுக்கும் இதயத்துக்கும் சுமை கூடும். உங்கள் தாயாருக்கு நுரையீரல் அல்லது இதய நோய் இருந்தால் மயக்க மருத்துவரிடம் முன்பே பேசுங்கள். சிறுநீர்க்குழாய்க் காயம் எந்த முறையிலும் நேரக்கூடும். முதல் பதிலில் கூறப்பட்ட அமெரிக்க ஆய்வில், நால்வரில் ஒருவருக்கு இடையிலேயே திறந்த முறைக்கு மாற வேண்டியிருந்தது; கைதேர்ந்த குழுக்களிடம் இன்று அது குறைவு என்றாலும், ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிடும் முன் அதற்கும் மனத்தளவில் ஆயத்தமாக இருப்பது நல்லது. எல்லாவற்றுக்கும் மேலாக, கருப்பையை உள்ளே துண்டாக்காமல் முழுதாக வெளியே எடுப்பார்களா என்று கேளுங்கள். துண்டாக்கினால் புற்றணுக்கள் வயிற்றுக்குள் சிதறும். சினைப்பைப் புற்றுக்கட்டியிலும் இதே கவலைதான்: அறுவையின்போது அது உடைந்தால், அதனாலேயே நோயின் நிலை உயர்த்திக் கணிக்கப்படும்.